சூரியனில் மூன்று கறை

சூரியனுக்குக் கோபம் வந்துவிட்டது.

செய்தி முதலில் தொலைக்காட்சியில்தான் வந்தது. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தென்படுகின்றன, அங்கிருந்து ஒரு புயல் கிளம்பியிருக்கிறது, செயற்கைக்கோள்களும் வானொலியும் கொஞ்சம் தடுமாறலாம், பொதுமக்கள் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஒரு விஞ்ஞானி பொறுமையாகச் சொன்னார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் நம் ஆட்களால் சும்மா இருக்க முடியுமா? அன்று மாலைக்குள் அந்தப் புயல் எல்லாருடைய கைப்பேசிக்குள்ளும் புகுந்து, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொழுத்து, அடுத்த கைக்குப் போனது. பால் திரிந்தது புயலால். பல் வலித்தது புயலால். மகன் கணக்கில் கோட்டை விட்டது, மேலதிகாரி எரிந்து விழுந்தது, தண்ணீர்க்குழாய் ஒழுகியது எல்லாமே புயலால். குழாய் மட்டும் போன வருஷத்திலிருந்தே ஒழுகுகிறது. அது புயலுக்கு முன்னோட்டம் என்றார்கள்.

"தலையில ஈரத்துணி போட்டுக்கணுமாம்."

"இல்ல இல்ல, கைப்பேசியை இரும்பு டப்பாவுல வெக்கணுமாம்."

"எது சரி?"

"எதுக்கு வம்பு? ரெண்டையும் செஞ்சிடு."

ஊர் இப்படி ஈரத்தலையோடு தயாராக நின்றபோதுதான் கதிரய்யா வந்து சேர்ந்தார்.

கதிரய்யா போன வருஷம் வரை வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். முடி வளரவில்லை, அவர் வளர்ந்தார். இப்போது அவர் சூரியக் கணிப்பாளர். கடைத்தெருவில் மேசை நாற்காலி விற்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். அங்கே முக்காலியின் மேல் ஒரு பித்தளைத் தொலைநோக்கி. அதற்கு எதிரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே விறைப்பாகக் கட்டிய வெள்ளைப் படுக்கைவிரிப்பு. தொலைநோக்கி வழியாக வந்த வெயில் அந்த விரிப்பில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டமாக விழுந்தது. வட்டத்துக்குள் மூன்று கரும்புள்ளிகள். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது.

"சூரியனை நேராப் பார்த்தா கண்ணு போயிடும். அதான் உங்களுக்காக அதைக் கீழ இறக்கி வெச்சிருக்கேன்" என்பார் கதிரய்யா. அந்தப் பேச்சில் உண்மை முதல் வாக்கியம் மட்டும்தான்.

அவருடைய மைத்துனர்தான் உதவியாளர். ஒரு கையில் ஒலிபெருக்கி, இன்னொரு கை எப்போதும் தொலைநோக்கியின் முதுகில். சூரியன் நகர நகர அவரும் குழாயை இம்மி இம்மியாகத் தள்ளி, வட்டம் விரிப்பின் நடுவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வார். கூட்டம் இதைப் பார்த்து மெய்சிலிர்த்தது. சூரியனையே பிடித்து நிறுத்தும் மனிதர் கணக்கில் தவறுவாரா?

கணிப்பும் சுலபமானது. பெரிய புள்ளி குடும்பத் தலைவர். நடுப்புள்ளி தொழில். சின்னப் புள்ளி, "வெளியேர்ந்து உங்க வீட்டுக்குள்ள வரப்போற ஆள்." அந்த ஆள்தான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம். ஒருவருக்கு அது புது மேலாளர், இன்னொருவருக்கு மேல்மாடியில் குடிவரப்போகிறவர். யாரும் வராத ஒரு வீட்டில் கடைசியில் நாய்க்குட்டியின் மேல் பழி விழுந்தது. மேகம் மூடிய நாளிலும் வரிசை குறையவில்லை. "புள்ளி இன்னைக்கு மறைஞ்சிருந்து தாக்குது" என்றார். தெரிந்தால் ஆபத்து, தெரியாவிட்டால் பேராபத்து. இப்படி ஒரு வியாபாரம் யாருக்குக் கிடைக்கும்?

கெடுதலுக்கு மாற்று, கவசப் பட்டை. இரண்டு விரல் அகலத் துணிக்குள் செம்புத் தகடு வைத்துத் தைத்தது என்றார். உள்ளே இருந்தது செம்பு நிறம் பூசிய மெல்லிய தாள். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். இடுப்பில் ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. கொஞ்ச நாளில் ஊரே பரிசுப்பொட்டலம் மாதிரி சரசரத்துக்கொண்டு நடந்தது.

*

மொட்டை மாடியில் கட்டியிருந்த வெள்ளை விரிப்பு எதிர்த்தெருச் சலவைக்கடையில் வெளுத்து மடித்து வந்தது. நம் கதையும் அங்கேதான் இருக்கிறது.

சலவைக்கடை அம்மாவிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு உங்களால் பொய் சொல்ல முடியாது. கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மோந்து பார்ப்பார்.

"என்ன சார், தேநீர்னு சொல்றீங்க? இது இருமல் மருந்து. படுத்துக்கிட்டே குடிச்சீங்களா?"

வாடிக்கையாளர் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டுவார். எந்தக் கறை எங்கிருந்து வந்தது, எதற்கு வெந்நீர், எதற்குச் சாராவி என்கிற ஸ்பிரிட், எதைத் தொடவே கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கணவர் கல்லாவில் உட்கார்ந்து சீட்டு எழுதுவார். அதிகம் பேச மாட்டார். கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்திருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். அவன் காதலித்த கதை ஊருக்கே தெரியும். ஒரு நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தனியாக ஒரு பெண். அவசரத் தொலைபேசியை எடுத்தாள்.

"பயப்படாதீங்க மேடம்" என்று இவன் ஆரம்பித்தான்.

"பயப்படல. விளக்கு எரியுது, மின்விசிறி சுத்துது. அப்ப மின்சாரம் இருக்கு. கதவு மூடிடுச்சுன்னு லிஃப்ட்டுக்குத் தெரியல போல. கதவுல இருக்கிற சென்சார்தானே?"

அங்கேயே விழுந்துவிட்டான். கதவு திறந்ததும் அவன் முதலில் பார்த்தது அவள் கையில் இருந்த ஒரு காகிதத் துண்டை. சென்சாரை மறைத்துக்கொண்டிருந்ததாம், அவளே எடுத்துவிட்டாள்.

அவள் ஒரு கைப்பேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் பிரிவில் வேலை பார்த்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரின் குறைகளைக் கேட்பது வேலை. புயல் செய்தி வந்ததிலிருந்து குறைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

"பேசும்போது கரகரன்னு சத்தம் வருதும்மா. சூரியப் புயல்தானே?"

"ஐயா, பின்னாடி ஏதாவது மிக்சி ஓடுதா?"

"...ஆமா."

"அதை நிறுத்திட்டுப் பேசுங்க."

"அட! நின்னுடுச்சு! புயல் போயிடுச்சாம்மா?"

அவள் தொழிலில் கற்றது ஒரே பாடம். எது காரணம் என்று தெரியாவிட்டால், ஒன்றை மட்டும் மாற்றிப் பார். புயல் அடித்ததாகச் சொல்லப்பட்ட நாளில் வழக்கத்தைவிடக் குறைவான புகார்கள்தான் வந்தன என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

அம்மாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. கல்யாணப் பேச்சு முடிந்து, நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தையல்கடை அக்கா இடுப்பில் சரசரப்போடு வந்தார்.

"அக்கா, ஒரு எட்டு கதிரய்யாகிட்ட போயிட்டு வந்துடலாம். நல்ல காரியம் நடக்கப்போகுது, கேட்டுக்கிட்டா தப்பில்லையே."

தப்பில்லையே! உலகத்தில் எத்தனை தப்புகள் இந்தச் சொல்லில் ஆரம்பித்திருக்கின்றன!

மொட்டை மாடியில் கதிரய்யா விரிப்பைக் கூர்ந்து பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"அம்மா, உங்களை ஒரு தடவை நெருப்பு தொட்டிருக்கு."

உண்மைதான். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, அணைக்க மறந்த ஓர் இஸ்திரிப் பெட்டியால் பழைய கடை முழுதும் எரிந்தது. அதற்குப் பிறகு ஒற்றைப் பெட்டியோடு தொடங்கி இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினார். இன்றும் கடை பூட்டியபின் இரண்டு முறை திரும்பி வந்து பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார். கதிரய்யாவுக்கு இது எப்படித் தெரிந்தது? வரிசையில் நிற்கும்போது தையல்கடை அக்கா இந்தக் கதையை மைத்துனரிடம் கண்ணீர் மல்கச் சொல்லி முடித்திருந்தார். ஆனால் அம்மா அதை நினைத்துப் பார்க்கவில்லை. பயந்தவருக்கு நினைப்பு ஓடுமா?

"சின்னப் புள்ளி நடுப்புள்ளியை நெருங்குது. வரப்போற பொண்ணு வாசப்படியில கால் வெச்சா கடையில மறுபடியும் நெருப்பு."

"ஐயோ! வேற வழியே இல்லையா?"

"சூரியன் அடங்கணும். அதோட ஒரு சுத்து பதினோரு வருஷம். அதுவரைக்கும் பொறுங்க."

பதினோரு வருஷக் கணக்கு மட்டும் அவர் எங்கேயோ படித்தது. பொய்க்கு நடுவே ஓர் உண்மையைச் சொருகி வைப்பது பழைய தொழில்நுட்பம்.

மகன் தலையில் கை வைத்தான். "பதினோரு வருஷமா? அதுக்குள்ள எனக்கு முடியெல்லாம் போயிடும்மா!"

"கதிரய்யாகிட்ட பழைய எண்ணெய் மிச்சம் இருக்கும், கேட்டு வாங்கிக்க" என்றார் அப்பா. அந்த வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

பெண்வீட்டில் செய்தி போனது. "எங்க பொண்ணு என்ன தவணை முறையிலயா கல்யாணம் பண்ணிக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு, அவள் அப்பா வேறு இடம் பார்க்கத் தொடங்கினார். ஓர் இடம் கிட்டத்தட்ட அமைந்தும்விட்டது. வரும் ஞாயிறு பெண்பார்க்க வருகிறார்கள்.

*

சனிக்கிழமை காலை அவள் சலவைக்கடைக்கு வந்தாள், வருங்கால அத்தையிடம் நேரில் பேசிவிட. படியிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரலாமா அத்தை? இல்ல, தீயணைப்பு வண்டியை வரச்சொல்லிட்டு வரட்டுமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஆனால் அன்று கடையில் சிரிக்கும் நிலைமை இல்லை. முந்தைய நாள் கதிரய்யாவின் யோசனைப்படி ஒவ்வொரு இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியிலும் ஒரு கவசப் பட்டை கட்டியிருந்தார்கள். ஒரு பட்டை நழுவிப் பெட்டிக்கு அடியில் போய், ஒரு வக்கீலின் கோட்டைச் சுட்டுவிட்டது. ஓடிப்போய்க் கேட்டதற்கு, "பட்டை இல்லாம இருந்திருந்தா கடையே போயிருக்கும்" என்றார் கதிரய்யா. அம்மா இன்னும் பட்டைகள் வாங்கி வந்தார். நெருப்பு வராமல் இருக்கக் கட்டியது நெருப்பு வைத்தது, அதனால் அதையே இன்னும் நிறையக் கட்டினார்கள். அறிவாளிகள் குறித்துக்கொள்ளட்டும்.

இன்று இஸ்திரி போடுகிறவர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா, இந்தச் சட்டையிலயும் பழுப்புக் கறை. இதோட நாலாவது சட்டை. துணி எல்லாமே கெட்டுப்போய் வருது. புயல்தான் போல."

அம்மா சட்டையை வாங்கவே இல்லை. நேராகப் பெட்டியிடம் போனார்.

"இத்தனை வருஷம் இஸ்திரி போடுற, இது தெரியல? பெட்டியை அழுத்திப் பிடி. துணியை மட்டும் மெதுவா இழு. கறை துணியில இருந்தா துணியோட போகும். பெட்டியில இருந்தா பெட்டிக்கு அடியிலயே நிக்கும். நிக்குதா? தூக்கிப் பாரு."

பெட்டியின் அடித்தட்டில் பட்டையின் தாள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"துணி மேல பழி போட்டா போதுமா? எதுல கறைன்னு பாக்க வேண்டாம்?" என்று சுரண்டுகத்தியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த விஷயத்தைப் பேசவில்லை.

"அத்தை, ஒரே ஒரு தடவை நானும் கதிரய்யாகிட்ட வர்றேன். அந்தச் சின்னப் புள்ளியை என் கண்ணால பார்த்துட்டா, நாளைக்கு வர்றவங்க முன்னாடி நிம்மதியாப் போய் உட்காருவேன்."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனும் கருவிப்பெட்டியோடு கூடவே வந்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவன் பொறுப்பில்தான் இருந்தது.

*

மொட்டை மாடியில் நல்ல வெயில். நல்ல கூட்டம். மைத்துனர் ஒலிபெருக்கியில், "தள்ளாதீங்க, சூரியன் எல்லாருக்கும் பொது, பட்டை மட்டும்தான் கொஞ்சமா இருக்கு" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

இவர்கள் முறை வந்தது. கதிரய்யா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதானா அந்தப் பொண்ணு? பார்த்தீங்களா, இவ வந்ததும் சின்னப் புள்ளி துடிக்குது!"

கூட்டம் எக்கிப் பார்த்தது. துடிப்பது போலத்தான் இருந்தது. காற்றில் விரிப்பு ஆடினால் எதுதான் துடிக்காது?

அவள் புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பில் அம்மா கடை மடிப்பு அழுத்தமாகத் தெரிந்தது. நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரிய புள்ளி அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அது சூரியனுக்கும் நட்டநடு.

அப்போது மைத்துனருக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கை குழாயை விட்டுவிட்டது. வெளிச்ச வட்டம் மெதுவாக ஒருபக்கம் நழுவியது. பெரிய புள்ளி மடிப்புக்கோட்டை விட்டு அசையவில்லை. ஆனால் சூரியனின் நடுவில் இருந்த அது இப்போது ஓரத்துக்கு வந்திருந்தது. மைத்துனர் அவசரமாகக் குழாயைத் தள்ளி எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அவருடைய தும்மலுக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் குரலில் புகார்ப் பிரிவின் மென்மை வந்தது. "ஐயா, ஒரு சின்ன உதவி. அவரைக் கொஞ்ச நேரம் கையை எடுக்கச் சொல்றீங்களா?"

"கையை எடுத்தா சூரியன் ஓடிடும்மா!"

"ஓடட்டும் ஐயா. கூடவே புள்ளியும் ஓடுதான்னு பார்க்கணும்."

கதிரய்யாவின் முகம் மாறியது. "சோதனையா? சூரியனையே சோதிக்கிறியா? பார்த்துக்குங்க எல்லாரும், இந்த வாய்தான் அந்த வீட்டைக் கொளுத்தப் போகுது!"

"உஷ்! சும்மா இரும்மா" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டத்தில் யாரோ, "இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஆரம்பித்தார். மகன் முன்னால் வரப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அம்மாவிடம் மட்டும் திரும்பினாள்.

"அத்தை, காலையில இஸ்திரி போடுறவர்கிட்ட என்ன சொன்னீங்க? பெட்டியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் துணியை மட்டும் இழுக்கச் சொன்னீங்களே. எதுக்கு?"

"அது... கறை எதுல இருக்குன்னு..."

அம்மா நிறுத்தினார். தன் கையால் போட்ட மடிப்பைப் பார்த்தார். மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்த புள்ளியைப் பார்த்தார். பிறகு கதிரய்யாவைப் பார்க்கவே இல்லை. நேராக மைத்துனரிடம் போனார்.

"தம்பி, கையை எடு."

"அம்மா, அது வந்து..."

அம்மா ஒரு பார்வை பார்த்தார். சலவைக்கடையில் இத்தனை வருஷம் ஆள் வைத்து வேலை வாங்கிய பார்வை. மைத்துனரின் கை தானாகக் கீழே வந்தது.

சூரியன் நகர்ந்தது. அவசரமே இல்லாமல், காலையில் வேலைக்குப் போகும் மனிதர் மாதிரி, தன்பாட்டுக்கு நகர்ந்தது. புள்ளிகள் மூன்றும் போன பேருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி அதே இடத்தில் நின்றன. முதலில் சின்னப் புள்ளி வட்டத்தின் விளிம்பைத் தொட்டு, வெளியே விழுந்து, காணாமல் போனது. கடையைக் கொளுத்தப் போகும் மருமகள் போய்விட்டாள். அடுத்து தொழில் போனது. கடைசியில் குடும்பத் தலைவரும் போனார். விரிப்பின் ஓரத்தில் கழுவிவைத்த தட்டு மாதிரி சூரியன் தனியாக நின்றது.

மாடியில் பட்டைகள் கூடச் சரசரக்கவில்லை.

கதிரய்யா சமாளித்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"பார்த்தீங்களா என் சக்தியை! சூரியன்லேர்ந்து மூணு புள்ளியையும் பிரிச்சு எடுத்துட்டேன்!"

நம்புவீர்களோ இல்லையோ, பாதிக் கூட்டம் கைதட்டியது! தையல்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா?" என்றார் அம்மா. "தம்பி, சூரியனைத் திரும்ப நடுவுல கொண்டா."

மைத்துனர் குழாயைத் தள்ளினார். சூரியன் நடுவுக்கு வந்தது. குடும்பத் தலைவர், தொழில், வரப்போகும் ஆள், மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

"பிரிச்சதெல்லாம் திரும்ப ஒட்டிக்கிச்சே ஐயா! மாவுப்பசை போட்டு ஒட்டினீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். மந்திரத்துக்கு முதல் சிரிப்பு போதும், மீதியைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும்.

அம்மா தொலைநோக்கியின் பின்பக்கத்துச் சின்னக் குழலில் கை வைத்தார். "இருங்க அத்தை, முன்னாடி மூடியைப் போட்டுடறேன். வெயில் நேராக் கையில இறங்கும்" என்று அவள் போய் மூடினாள். அம்மா குழலைத் திருகி எடுத்தார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது சலவைக்குறி மை. துணியில அடையாளம் போடுவோமே, அந்த மை." கொஞ்சம் நிறுத்தி, மைத்துனரைப் பார்த்தார். "தம்பி, விரிப்பு வாங்க வந்தன்னைக்குக் கையெழுத்துப் போடணும்னு பேனா கேட்டியே. திரும்பக் குடுத்தியா?"

மைத்துனர் கதிரய்யாவைப் பார்த்தார். கதிரய்யா வானத்தைப் பார்த்தார். முதல் முறையாகச் சூரியனிடம் அவருக்கு உண்மையிலேயே ஏதோ வேண்டியிருந்தது.

"என் கடை மையால என் மருமகளுக்குப் புள்ளி வெச்சிருக்கான்!"

'என் மருமகள்' என்ற சொல் மகன் காதில் விழுந்தது. கருவிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். கனத்தால் அல்ல.

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு குப்பிச் சாராவியும் ஒரு துண்டுத் துணியும் இருக்கும். அழியாத மை என்று அந்தப் பேனாவில் அச்சடித்திருக்கும். அது அம்மாவைத் தெரியாதவர்கள் அடித்தது. இரண்டு துடைப்பு. குடும்பத் தலைவரும் தொழிலும் துணிக்கு வந்தார்கள். மூன்றாவது துடைப்பில் வரப்போகும் ஆள்.

குழலைத் திரும்ப மாட்டி, மூடியை எடுத்தார்கள். விரிப்பில் சுத்தமான சூரியன். ஆனால் ஓரத்தில், மிளகைவிடச் சின்னதாக ஒரு சாம்பல் நிறத் துளி. அம்மாவுக்குப் பொறுக்குமா? குழலைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். துளி போகவில்லை. விரிப்பை நகத்தால் சுரண்டினார். அப்போதும் போகவில்லை.

"கையை விட்டுப் பாருங்க அத்தை" என்றாள் அவள்.

விட்டார்கள். சூரியன் நகர்ந்தது. துளியும் கூடவே நகர்ந்தது. விளிம்புவரை கைபிடித்துக்கொண்டு போகும் குழந்தை மாதிரி, விடாமல் போனது.

"இதுதான் நிஜப் புள்ளி."

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்துணூண்டா?"

"இங்க இத்துணூண்டு. அங்க நம்ம பூமியே அதுக்குள்ள உட்காரலாம்."

"அடேங்கப்பா! அது என்ன பண்ணும்?"

"சில சமயம் அது பக்கத்துலேர்ந்து புயல் கிளம்பும். செயற்கைக்கோள், வானொலி, பெரிய மின்சாரக் கம்பி இதெல்லாம் தடுமாறும். துருவத்துப் பக்கம் வானத்துல பச்சை வெளிச்சம் ஆடும். அதைப் பார்த்துக்கத் தனியா ஆளுங்க இருக்காங்க அத்தை. உங்க வீட்டுக்கு மருமகளா யார் வர்றாங்கன்னு மட்டும் அதுக்குத் தெரியாது."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது கதிரய்யாவும் மைத்துனரும் தொலைநோக்கியை முக்காலியோடு தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் நழுவிவிட்டார்கள். லிஃப்ட் கிளம்பியது. இரண்டு மாடி இறங்கியதும் நின்றது. மகனின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. அவசர அழைப்பு.

"தம்பி! சீக்கிரம்! லிஃப்ட் நின்னுடுச்சு! மூச்சு முட்டுது!"

அவன் ஒலியைக் கூட்டி, கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

"வணக்கம் ஐயா. உங்கள் புகார் என்ன?" என்றாள் அவள். "உள்ள விளக்கு எரியுதா?"

"எ... எரியுது."

"மின்விசிறி?"

"சுத்துது."

"அப்ப சூரியப் புயல் இல்ல ஐயா. உங்க முக்காலியோட கால் ஏதாவது கதவை இடிச்சுக்கிட்டு நிக்குதா பாருங்க."

உள்ளே முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கடகடப்பு. லிஃப்ட் கிளம்பிவிட்டது. ஆனால் அதற்குள் படிகளில் ஓடிய கூட்டம் கீழ்வாசலில் வரிசையில் நின்றுவிட்டது. இந்தமுறை பட்டை வாங்க அல்ல, திருப்பிக் கொடுக்க. அவ்வளவு ஒழுங்கான வரிசையை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

*

முந்தைய இரவே அவள் அந்த இன்னொரு இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை பெண்பார்க்க வந்தது வேறு யாரும் இல்லை. அம்மாவே வந்தார், பின்னால் கணவர், அவருக்கும் பின்னால் இஸ்திரி மடிப்பு கலையாத மகன். பெண்ணின் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பதினோரு வருஷம் ஆயிடுச்சா? நேரம் போனதே தெரியல" என்றார்.

"தப்பு என்னோடதுதான் சம்பந்தி. அடுத்தவங்க துணின்னா நாலு தடவை திருப்பிப் பார்க்கிறேன். என் வீட்டு விஷயத்தைத் திருப்பிப் பார்க்காம விட்டுட்டேன்."

"எனக்கு அந்தப் பட்டை கட்டினதுலேர்ந்து இடுப்பு அரிக்குது. அதையும் கல்யாணத்தையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்" என்றார் கணவர். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில் எல்லாரும் அசந்துபோய், உடனே நாள் குறித்துவிட்டார்கள்.

மருமகள் வாசப்படியில் கால் வைத்தாள். கடை எரியவில்லை. இப்போதெல்லாம் கடை பூட்டியபின் பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பது அவள்தான். அம்மா ஒரு முறை மட்டும் திரும்பி வருகிறார், அவள் சரியாகப் பார்த்தாளா என்று பார்க்க.

கொஞ்ச நாள் கழித்துத் தையல்கடை அக்கா கடைக்குள் பரபரப்பாக நுழைந்தார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? பின்தெருவுல ஒருத்தர் வந்திருக்காராம். நிலா வெளிச்சத்தைப் பாட்டில்ல அடைச்சுத் தர்றாராம். தலைமாட்டுல வெச்சா கெட்ட கனவே வராதாம். கூட்டம் தாங்கல!"

அம்மா ஒரு சட்டைக் கழுத்துப்பட்டையைச் சாராவியால் துடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"வெளிச்சம்னா இருட்டுல தெரியணுமே. பாட்டிலை இருட்டு அறையில வெச்சுப் பார்த்தியா?"

அக்கா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்.

யோசிப்பது இலவசம். அதனால்தானோ என்னவோ, அதற்கு மட்டும் எங்கேயும் வரிசை நிற்பதில்லை.